பாக்கியம் அக்கா சொன்னதில் பாதி

செய்தி வந்தபோது நான் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. புக்கிட் காத்தில் ஊரில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பாக்கியம் அக்காவின் மகன் குமரன் இரண்டு வரி போட்டிருந்தான். அம்மா இன்று பகலில் அமைதியாகக் காலமானார், நாளை மதியம் தங்கா பத்து ஊரில் உள்ள எங்கள் வீட்டில் இறுதிச் சடங்கு. அதற்குக் கீழே கூப்பிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டேன். போட்டுவிட்டு மறுபடி மேலே போய் அந்த 'அமைதியாக' என்ற சொல்லைப் படித்தேன்.

அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவருக்கும் அமைதிக்கும் ஏழாம் பொருத்தம். பாசாரில் மீன்காரர் பழைய மீனைத் தூக்கிக் காட்டினால், அடுத்த வரிசைக்குக் கேட்கும்படி அந்த மீனின் வயதைக் கேட்பார். மலாக்கா டவுனில் ஒரு மிருக மருத்துவமனையில் இருபத்து மூன்று வருடம் உதவியாளராக இருந்தவர். கூண்டு கழுவுவதும், ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வதும்தான் வேலை. ஆனால் டாக்டர் அவசரப்பட்டால் டாக்டரையே அதட்டுவார் என்று கேள்வி. வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வந்த அறிவிப்பிலும் அதே 'அமைதியாக' இருந்தது. கூடவே 'அன்பே உருவானவர்' என்றும் போட்டிருந்தார்கள். அக்கா படித்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கூண்டுக்கு அடியில் விரித்திருப்பார்.

பதினாறாம் நாள் காரியத்தில் நான்கு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்ல வேண்டியதைச் சாப்பிட வந்தவர்கள் முன்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். உங்களில் பலர் உங்கள் வீட்டு நாய்க்காக அவருடைய வாசலில் நின்றவர்கள். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். போகும்போது அவனுடைய நாயை என்னிடம் விட்டுப் போனான். பெயர் ஜிம்மி, பழுப்பு நிறத்தில் நாட்டு நாய், அப்போது அதற்கு மூன்று வயது. என் கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வீட்டில் நானும் அதுவும்தான். காலை ஒன்பதரைக்குத் துணிக்கடைக்குக் கிளம்பினால் நான் திரும்ப இரவு எட்டாகும். மகன் போன இரண்டாவது வாரம் ஒருநாள் வீடு திரும்பினால், வாசற்கதவின் அடிப்பாகம் கையகலத்துக்குக் காணோம். மரத்தூள் தரையெல்லாம் கிடக்கிறது. ஜன்னல் கிரில்லில் ரத்தம். நாயின் முன்கால் நகம் ஒன்று பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கண்ணேறு என்று நினைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். முனியாண்டி கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி நாயின் கழுத்தில் கட்டினேன். அந்தக் கயிற்றையும் அது கடித்துத் துப்பியது. பிறகு என் மகனை வளர்த்த அதே ரோத்தான் பிரம்பை எடுத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வேலி ஓரமாக வந்து, பகல் முழுக்க ஊளையிடுகிறதே, நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று தணிவாகக் கேட்டார். எதிர்வீட்டில் இருந்தது நம் ஆள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நேராக நகராட்சிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சத்தத்தை நிறுத்தாவிட்டால் நாயைப் பிடித்துப் போவோம் என்று எனக்குக் கடிதம் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சந்தில் இருந்த பாக்கியம் அக்காவிடம் ஓடினேன். அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

கடிதத்தை அவர் படிக்கவில்லை. "அடிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு தடவை என்றேன். அப்படியென்றால் ஆறு தடவை என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

வீட்டுக்கு வந்தவர் நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார், சோபாவின் அடியில் குனிந்து பார்த்தார். வாசலருகே தரையில் காய்ந்திருந்த எச்சில் கறையைக் கால் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சோபாவ தொடல. செருப்ப தொடல. பொழுது போகாத நாயி எதையும் கடிக்கும். இது வெளிய போற வழிய மட்டும் கடிச்சிருக்கு. ஒன்ன தேடிக்கிட்டு வரப் பாத்திருக்குலா."

நான் வரும்போது அது மூலையில் ஒடுங்கி நிற்பது, தப்புச் செய்தது அதற்கே தெரிந்ததால் தானே என்று கேட்டேன். உன் கையில் இருக்கும் பிரம்பு தெரிந்ததால் என்றார். அன்று அவர் சொன்ன ஒன்றை உங்களில் சிலரும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். "கோவத்துல கடிக்குதுன்னு நெனச்சா அடிப்ப. பயத்துல கடிக்குதுன்னு தெரிஞ்சா பக்கத்துல உக்காருவ. ரெண்டுக்கும் கதவு ஒன்னுதான்."

மறுநாள் என் பழைய கைப்பேசியை அலமாரியின் மேல் சாய்த்துவைத்து, நான் கிளம்புவதையும் அதற்குப் பின் நடப்பதையும் படம் பிடிக்கச் சொன்னார். எதைச் செய்வதற்கு முன்னும் கண்ணால் பார்க்க வேண்டும், நாம் இல்லாத இடத்தில் நடப்பதை இருந்து பார்த்ததுபோல் கதைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அன்று இரவு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். காலையில் நான் குந்தி உட்கார்ந்து, ஜிம்மியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மா போயிட்டு வரேன், சமத்தா இரு, சரியா என்று மூன்று தடவை சொல்கிறேன். சொல்லும்போதே அதற்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. கேட்டைச் சாத்திய நான்காவது நிமிடம் கதவைப் பிறாண்டுகிறது. அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

"நீ சொல்லிட்டுப் போறது ஒனக்கு மரியாத. நாயிக்கு அது பயப்படச் சொல்லி மணி அடிக்கிற மாதிரி," என்றார் அக்கா. "நாளைலேருந்து சொல்லாம போ."

எனக்கு அது முடியாது என்று பட்டது. 'போறேன்' என்றுகூட வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். சொல்லாமல் கிளம்பும் இடம் நமக்கு ஒன்றே ஒன்றுதான். சாவு வீட்டிலிருந்துதானேக்கா சொல்லாமல் வருவார்கள் என்று கேட்டேன். நாய்க்கு அந்தச் சாஸ்திரம் எல்லாம் தெரியாது என்று சொல்லி, நான் போட்டுக் கொடுத்த மைலோவை ஒரே மடக்கில் குடித்தார்.

அப்புறம்தான் அந்தச் சாவிக்கொத்து வந்தது. அக்காவிடம் பதினொரு பழைய சாவிகள் ஒரு வளையத்தில் கிடந்தன. புலாவ் செபாங் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து வீட்டின் சாவி அதில் ஒன்று. அந்தத் தோட்டம் கைமாறி, வீடுகளை இடித்து, செம்பனை நட்டு, செம்பனையும் கிழடாகிவிட்டது. மருத்துவமனையின் பழைய மருந்து அலமாரிச் சாவி ஒன்று. தொலைந்துபோன சைக்கிளின் சாவி ஒன்று. எதற்கும் இப்போது பூட்டு கிடையாது. அதை என்னிடம் கொடுத்து, சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, டிவி பார்க்கும்போது குலுக்கிக்கொண்டே இரு, குலுக்கிவிட்டு எங்கேயும் போகாதே என்றார். கைப்பையை மாட்டிக்கொண்டு போய் சோபாவில் உட்காரச் சொன்னார். வேலைக்குப் போகும் உடுப்பில் வெங்காயம் நறுக்கச் சொன்னார். நான் பைத்தியம்போல் வீட்டுக்குள் சுற்றினேன். பத்து நாளில் சாவிச் சத்தத்துக்கு ஜிம்மி காதைக்கூட அசைக்கவில்லை.

அடுத்து வெளியே போய் வருவது. அதைத் தொடங்கும் நாளில் அவர் சொன்னதை நான் எழுத்துப் பிசகாமல் இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

"சொல்லாம போறது பாதிதான் சரோ. அது பயப்படறதுக்குள்ள திரும்பி வந்துடணும். அதுதான் மருந்து. மொதல்ல பத்து எண்ணு, வந்துடு. அப்பறம் முப்பது. ஒரு தடவகூட அத பயத்துல விட்டுடாத."

அப்படியானால் நான் பத்து மணி நேரம் வேலைக்குப் போவது எப்படி என்று கேட்டேன். அது பழகும் வரைக்கும் பகலில் தான் வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். உட்கார்ந்தார். ஐந்து வாரம். காலையில் நான் கிளம்பும் முன் சாப்பாட்டுத் தூக்கும் பத்திரிகையுமாக வந்துவிடுவார். என் டிவியில் மல்யுத்தம் பார்ப்பார். அவருக்கு அதில் அப்படி ஒரு வெறி, தோற்றவனைத் தமிழில் திட்டுவார். நான் வீட்டில் இருந்த நேரமெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று பத்து எண்ணினேன், முப்பது எண்ணினேன், நூறு எண்ணினேன், திரும்பி வந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று எண்ணினேன்.

அவர் கைம்மாறாகக் கேட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்தலைக் கறி, அவ்வளவே. ஒருநாள் பரிமாறிக்கொண்டே, உங்களுக்கு நாய் என்றால் அவ்வளவு பிரியமா அக்கா என்று கேட்டுவைத்தேன். அதற்கு அவர் சொன்ன பதில் என் தட்டில் இன்றும் கிடக்கிறது. "எனக்கு நாயி புடிக்காது. முடி கொட்டும். ஒரு உசுரு பயந்து கத்தறத கேட்டுக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது, அவ்வளவுதான்."

அது முழுதாகத் தேற நான்கு மாதம் ஆனது. ரப்பர் உருண்டைக்குள் சோறும் கோழி ஈரலும் திணித்து உறையவைத்துக் கொடுத்துவிட்டு நான் சத்தமில்லாமல் கிளம்புவேன். கைப்பேசிப் படத்தில் ஜிம்மி அதை நக்கி முடித்துவிட்டுத் தூங்கியது. ஊளை நின்றது. புகார்க் கடிதம் வருவதும் நின்றது. ஆனாலும் அக்கா என்னை விடவில்லை. பத்து மணி நேரம் ஒரு உயிரைப் பூட்டிவைப்பதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, அக்கிரமம் என்றார். மத்தியானம் வீட்டுக்கு வந்து போகச் சொன்னார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு ஓடிவந்து, ஜிம்மியைச் சந்துவரை நடத்திவிட்டு, நின்றபடியே சாப்பிட்டுத் திரும்புகிறேன். ஐந்து வருடமாக வேலைநாளில் ஒருநாள் தவறியதில்லை. மழையிலும் வந்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடத் தொடக்கத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆகி, நடக்கத் தொடங்கியபோது புத்தி முன்போல் இல்லை. கேட்டதையே கேட்பார். காலையில் எழுந்து மருத்துவமனை வேலைக்குக் கிளம்புவார். குமரன் அவரைத் தங்கா பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவனும் வேலை, அவன் மனைவியும் வேலை. பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்தார்கள். அக்காவின் வாய்க்குப் பயந்து அவர் இரண்டு வாரத்தில் ஓடிவிட்டார். பிறகு ஒருநாள் அக்கா பெரிய சாலையில் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றதை யாரோ பார்த்து அழைத்துவந்தார்கள். அதற்குப் பிறகு கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

குமரன் கெட்டவன் இல்லை. அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. அங்கே ஏற்கெனவே நான் நிற்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அக்கா என்னை அடையாளம் கண்டு, ஒரு மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது குமரன் வாசல்வரை வந்தான். அவன் கண்ணின் கீழே கறுத்திருந்தது. "காலையில நாங்க கெளம்பறப்ப ரொம்ப கஷ்டம் ஆன்ட்டி," என்றான். "பை பை சொன்னா அழறாங்க. கைய புடிச்சிகிட்டு விட மாட்டேங்கறாங்க. ஆபீஸ்ல ஒக்காந்தா வேல ஓட மாட்டேங்குது."

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "சொல்லிட்டுப் போறதாலதான்ப்பா," என்றேன். "அவங்க குளிக்கறப்ப சத்தம் இல்லாம கெளம்பிடுங்க. ஜிம்மிக்கு அம்மாவே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். பாதி. மீதிப் பாதி நாக்கில் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், நான் நம்பவில்லை. மீதியைச் சொல்லியிருந்தால், பயப்படுவதற்குள் யார் திரும்பி வருவது என்ற கேள்வி வந்திருக்கும். பகலில் யார் போய் உட்காருவது என்ற கேள்வியும் வந்திருக்கும். என் வீட்டில் ஐந்து வாரம் உட்கார்ந்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்துக் குமரன் கூப்பிட்டு நன்றி சொன்னான். இப்போது பிரச்சினை இல்லை, அம்மா அமைதியாக இருக்கிறார்கள் என்றான். கடையில் எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் அலுவலகத்தில் இருந்தான், நான் கடையில் இருந்தேன். அக்கா அமைதியாக இருந்ததை யார் பார்த்தது? நாய்க்காகக் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பார்த்தவள் நான். அக்காவுக்காக அப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னால் எனக்கு ஒரு வியாழக்கிழமை விடுப்பு கிடைத்தது. யாரிடமும் சொல்லாமல் தங்கா பத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி. கேட்டருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு அது மிகவும் பழகிய சத்தம்.

அக்கா கிரில்லுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். கம்பிகளுக்கு இடையே கையை வெளியே விட்டு, பூட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நான் எப்போதோ திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் பதினொரு சாவிகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டில் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றும் முடிந்ததும் முதல் சாவிக்கு வந்தார். கிரில்லில் அவர் கை எட்டும் உயரத்துக்கு வெள்ளைச் சாயம் உரிந்து துரு தெரிந்தது. உள்ளே இருந்த மரக்கதவின் ஓரமும் அதே உயரத்தில் சிராய்த்திருந்தது. வலது கையில் இரண்டு நகங்கள் உடைந்திருந்தன. சோபா மேல் விரிப்பு கலையாமல் இருந்தது. பொழுது போகாதவர் செய்த வேலை இல்லை அது. எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, ஜிம்மி கதவைக் கடிக்கிறதா என்று கேட்டார். இல்லைக்கா, தூங்குகிறது என்றேன். நல்லது என்று தலையாட்டினார். அதன் பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "இங்க எல்லாரும் சொல்லாம கெளம்பிடறாங்க சரோ. குளிச்சிட்டு வந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. நான் செத்துட்டேனா?"

என்னால் கிரில்லைத் திறக்க முடியவில்லை. குமரனைக் கூப்பிட்டேன். கூட்டத்தில் இருப்பதாகவும், ஆறு மணிக்கு வந்துவிடுவதாகவும் சொன்னான். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நான்கு மணிவரை தரையில் உட்கார்ந்திருந்தோம். கம்பி வழியாக ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்தேன், சாப்பிட்டார். கிளம்ப எழுந்தபோது முகம் மாறியது. போயிட்டு வரேன்க்கா என்று வாய் நிறையச் சொன்னேன். எப்போது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

"எத்தன எண்ணணும்?" என்றார்.

கொஞ்சம்தான் அக்கா என்று சிரித்து மழுப்பினேன். நான் கேட்டைச் சாத்தும்போது அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தார்.

அன்று மாலை குமரனைக் கூப்பிட்டேன். அடிக்கடி வீட்டுக்குப் போய்ப் பாருப்பா என்று மட்டும் சொன்னேன். நான் கொடுத்தது அரை மருந்து என்று சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் தீபாவளி விற்பனை, விடுப்பு இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு ஜிம்மிக்குத் தடுப்பூசி. அதற்கு அடுத்தது மழை. நாய்க்காக மழையில் ஓடிவருகிறவளுக்கு, தங்கா பத்துவரை மழை பெரிய மழையாகத் தெரிந்தது. இப்படி ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது ஞாயிறு வருவதற்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

இறுதிச் சடங்கில் குமரனின் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் சொன்னார். தினமும் காலையில் சாவிச் சத்தமும் கூப்பிடும் சத்தமும் கேட்குமாம். அன்று பத்தரை மணிவாக்கில் நின்றுவிட்டதாம். தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். ஆறு மணிக்குக் குமரன் வந்து திறந்தபோது அக்கா கிரில்லுக்கு உள்பக்கம், கதவை ஒட்டிப் படுத்திருந்தார். ஆகவே குமரன் எழுதியது பொய் இல்லை. அமைதியாகத்தான் போனார். அந்த அமைதியில் என் பங்கு எவ்வளவு என்பதுதான் அறிவிப்பில் இல்லை.

குமரன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உண்மையான அழுகை. "நீங்க சொன்ன மாதிரி செஞ்சதாலதான் ஆன்ட்டி அம்மா கடைசியில அழாம இருந்தாங்க," என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கட்டுரையை அவன் படிப்பான். மீதிப் பாதி அவனுக்கு இப்போதுதான் தெரியப்போகிறது. மன்னித்துக்கொள் குமரா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ என்னைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அந்தச் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கினேன். குப்பைக்குப் போக வைத்திருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அது முறை. நானும் அக்காவின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றேன். போயிட்டு வரேன்க்கா என்பது நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். முறைக்காக இல்லை. அந்த வார்த்தையை அவரிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது எந்தப் பூட்டுக்கும் சேராத பதினொரு சாவிகள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும்போது என்னை அறியாமல் கை அதில் பட்டு, அது குலுங்கும். ஜிம்மி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதற்குப் பயமில்லை. நான் திரும்பி வருவேன் என்று அதற்குத் தெரியும். அதற்கு நான் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்திருக்கிறேன்.